பத்தாவது கருத்து

நெதர்லாந்தின் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான வாதம் சரியாக முக்கால் மணி நேரம் நடக்கும். அதன் பிறகு தடி ஏந்திய கட்டியக்காரர் வந்து நிறுத்திவிடுவார். மேடையேறியவர் யாரும் தோற்பதில்லை. பட்டம் உண்டு என்பது பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். இருந்தும் அன்று மேடையேறவிருந்த சீட்ஸ்கே காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தாள். வாதம் முடிந்ததும் வழிகாட்டி ஹூக்லாந்த் அவளைப் பாராட்டிப் பேசுவார். பேச்சின் கடைசியில், தன் புதிய ஆய்வகத்தில் அவளுக்கு மூன்று வருட வேலை என்று அறிவிக்கப்போவதாகப் போன வருடமே சொல்லியிருந்தார். அதை நம்பி அவள் வேறெங்கும் விண்ணப்பிக்கவே இல்லை.

ஹூக்லாந்துக்கு ஒரே பிடிவாதம்: பிரபஞ்சம் ஒரு குவாண்டம் கணினி. எலக்ட்ரானோடு எலக்ட்ரான் மோதினால் அது ஒரு கணக்கு. மழை பெய்தால் பல கோடிக் கணக்கு. புதிய ஆய்வகமே அந்தக் கொள்கையின் பேரில்தான் எழும்புகிறது. சீட்ஸ்கே நிரூபித்ததோ அதில் பாதியைத்தான். குவாண்டம் கணினி போதிய அளவு பெரிதாக இருந்தால், இயற்கை செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டும். செய்து காட்டுவதும் அதுவாகவே இருப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வியை நான்கு வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆய்வேட்டுக்குள் பத்துக் கருத்துகள் அச்சிட்ட தாள் ஒன்றைச் செருகுவது அங்கே வழக்கம். அவற்றில் எதைப் பற்றியும் தேர்வுக் குழு கேள்வி கேட்கலாம். பத்தாவது மட்டும் வேடிக்கைக்கு. வழிகாட்டிகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பால்பண்ணைக் குடும்பத்துப் பெண்ணான சீட்ஸ்கே இப்படி எழுதியிருந்தாள்: "பால் கறக்கும் இயந்திரம் கன்றைப் போலவே உறிஞ்சும். அதனால் கன்று இயந்திரமாகிவிடாது." ஹூக்லாந்தும் சிரித்தார், கையெழுத்தும் போட்டார்.

வாதம் நன்றாகத்தான் போனது. கடைசியாக, வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை தெர்ப்ஸ்த்ரா ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்தார்.

"இந்தப் பத்தாவதுல வர்ற கன்னுக்குட்டி யாருங்க?"

அவையில் சிரிப்பு. அங்குள்ள வழக்கப்படி பக்கத்தில் துணைக்கு நின்ற அண்ணன் வீப்ரன், வாடகைக் கோட்டுக்குள் நெளிந்தபடி, "நம்ம வீட்டுக் கன்னு இல்லன்னு சொல்லிடு" என்று முணுமுணுத்தான். இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. ஒப்பேற்றிவிடலாம் என்று, இயந்திரம் நிமிடத்துக்கு அறுபது முறை உறிஞ்சுவதையும் மாடு அதற்குப் பழகுவதையும் விலாவாரியாக விளக்கினாள். தெர்ப்ஸ்த்ரா பொறுமையாகக் கேட்டார்.

"சரி, கொட்டகையை விட்டு வெளிய வாங்க. பிரபஞ்சம் ஒரு கம்ப்யூட்டர்னு நீங்க நம்புறீங்களா?"

ஹூக்லாந்த் சிரித்த முகம் மாறாமல் அவளைப் பார்த்தார்.

"என்னைப் பொறுத்தவரைக்கும்..." என்று இழுத்தாள். கதவு திறந்தது. கட்டியக்காரர் வந்து தடியைத் தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவைத் தலைவர் கையை உயர்த்தினார். "ஆரம்பிச்ச வாக்கியத்தை முடிச்சிடுங்க. அதுக்கு அனுமதி உண்டு."

அந்தச் சலுகையை அவள் மறந்தே போயிருந்தாள். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். தன் பெயர் போட்ட புத்தகம் எதிரில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

"...கம்ப்யூட்டர் பிரபஞ்சம் மாதிரி நடிக்கும்னு நான் நிரூபிச்சிருக்கேனே தவிர, பிரபஞ்சமே கம்ப்யூட்டர்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல."

தெர்ப்ஸ்த்ரா பேனாவை மூடினார். குழு உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பியது. பட்டம் கிடைத்தது. ஹூக்லாந்த் பாராட்டுரை எழுதிய தாளோடு எழுந்து, அவளுடைய உழைப்பையும், மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்த நாட்களையும் சொல்லிப் பாராட்டினார். நன்றாகவே பேசினார். பிறகு தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விருந்தில், கடுகுச் சாந்து தொட்ட இறைச்சி உருண்டையும் கையுமாக அம்மா அவளிடம் வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"ஏன்டி, அந்தப் பேப்பர்ல பின்பக்கமும் எழுதியிருந்துச்சே. அதை ஏன் அவர் படிக்கல?"

சீட்ஸ்கேவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொன்னதைத் திரும்பப் பெற மட்டும் மனம் வரவில்லை.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.