அசையாப் பொருள் ஓவியப் பட்டறை

பழவேற்காட்டில் உம்மு ஹானி தை மாதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஐப்பசியில் எழுந்தாள். இடையில் அவளை நகர்த்த ஆட்கள் வந்து பார்த்தார்கள், படகு இழுக்கும் கயிறு வந்து பார்த்தது. கயிறுதான் அறுந்தது. வேறு விசேஷம் இல்லை. அந்த வருஷம் நண்டு விலை சுமார்.

சென்னையிலிருந்து ஞானதாஸ் என்ற ஓவிய வாத்தியார் வந்து, கடைத்தெரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு வைத்தார். வாசலில் ‘அசையாப் பொருள் ஓவியப் பட்டறை’ என்று பேனர் கட்டினார். உம்மு ஹானி நண்டு வியாபாரி காஜா மைதீனின் மனைவி. காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்து பழகியவள். உயிருள்ளதை வரைவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம் என்பதால், அந்த வகுப்பு தனக்கென்றே வைத்ததாக அவளுக்குப் பட்டது. மேஜைமேல் பித்தளைச் சொம்பு, எலுமிச்சம்பழங்கள், அவித்துச் சிவந்த ஒரு நண்டு. அவித்ததுதானா என்று தொட்டுப் பார்த்துவிட்டே பென்சிலை எடுத்தாள். பழவேற்காட்டில் பட்டறை என்றால் இஞ்சின் ரிப்பேர் பார்க்கும் இடம். ஆகவே படகுக்காரர் சாலமன் தன் படகு இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “அசையாத பொருளுக்குப் பட்டறைனு போட்டுகிறீங்களே சார், இத இன்னான்னு பாருங்க. தீவாளிலேருந்து அசையல” என்றார். ஞானதாஸ் இஞ்சினைச் சுற்றி வந்து, “அருமை, அப்படியே வைங்க” என்றார். சாலமன் அதைச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரிப்பேர் ஆகட்டும் என்று காத்திருந்தார்.

மற்றவர்கள் வரைந்ததால் எதுவும் நடக்கவில்லை. அனுப்பம்பட்டிலிருந்து வந்த டீச்சர் ஒருவரின் எலுமிச்சை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, அதனால் பழம் தப்பியது. உம்மு ஹானி வரைந்தது மட்டும் வரைந்தபடி நின்றது. சாயங்காலம் நண்டை எடுக்கப் போனபோது அது மேஜையை விட்டு வரவில்லை, சொம்பும் வரவில்லை. ஏற்கெனவே பழுதாகி நின்றிருந்த இஞ்சின், படத்தில் கடைசி நிழல் விழுந்ததும் தானாக ஓட ஆரம்பித்தது. டீசலை வடித்த பிறகும் ஓடியது. சாலமன் அதைப் படகில் மாட்டினார். படகு அன்றிலிருந்து ஏரியை வலம் வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போக நினைத்தால் குதித்துவிடுவார், மறுபடி கரையோரம் வரும்போது ஏறிக்கொள்வார்.

உம்மு ஹானிக்கு வந்த வினை சொம்பால் வந்தது. தெரிவதை அப்படியே போடுங்கள் என்று வாத்தியார் சொன்னதால், சொம்பின் வயிற்றில் தெரிந்த தன் உருவத்தையும் நாற்காலியையும் போட்டுவிட்டாள். நிழலுக்கு ஏது உயிர் என்று நினைத்தாள். கை வரைவது கஷ்டம் என்று கையை விட்டாள், வாய்க்கு இடம் போதவில்லை. அதனால் கையும் வாயும் தப்பின, மற்றது அத்தனையும் மாட்டிக்கொண்டது. ஞானதாஸ் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு மீஞ்சூரில் ரயில் ஏறினார்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் கல்யாணங்கள் அவளைச் சுற்றி நடந்தன. அந்த வருஷத்து ஆல்பங்களில் எல்லாம் ஓரத்தில் இருக்கிறாள். ஜன்னலில் ஏரி ஒரு கையகலம் தெரிந்தது. பூநாரைகள் இருந்தன, பிறகு போயின. மீஞ்சூர் பஸ் ஜன்னலடியில் ஹாரன் அடித்துவிட்டு அவள் இல்லாமலே தினமும் புறப்பட்டது. மீஞ்சூரில்தான் அவள் மகள் ருமானா வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஐப்பசியில் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வர வேண்டியவள், தாய் வீட்டில் இல்லை என்பதால் அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளை பிறக்குமுன் எழுந்துவிட வேண்டும் என்பது ஒன்றே உம்மு ஹானியின் நினைப்பு. வழியும் அவளுக்குத் தெரியும்: நின்றுபோன இஞ்சினை வரைந்தால் ஓடுகிறது, நின்றுபோன தன்னையும் இன்னொரு தரம் வரைந்தால் போதும். அதற்கு முகம் தெரிய வேண்டும். சொம்போ உப்புக்காற்றில் கறுத்துக் களிம்பேறிக் கிடந்தது.

ஊர் கண்ணாடி கொடுக்கவில்லை. எண்ணூருக்கு இந்தப் பக்கம் பழுதான இஞ்சின் அத்தனையும் அவள் முன்னால் வரிசையில் நின்றது. இவள் எழுந்து போய்விட்டால் யார் வரைவது?

“இன்னாங்க, ஒரு கண்ணாடி கொண்டாங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்றாள் புருஷனிடம்.

“நாளைக்குக் கொண்டாறேன் புள்ள. இவுங்க காலைலேருந்து நிக்கிறாங்க, பாவம்” என்றார் காஜா மைதீன்.

சாலமனிடம், “அண்ணே, உன் போன்ல என் மூஞ்ச ஒரு போட்டோ எடு” என்றாள்.

“சார்ஜ் இல்லம்மா.”

“இப்பதானே பாட்டு கேட்டுனு இருந்த?”

“அதுலதான் தீந்துச்சு.”

காஜா மைதீன் தினமும் மீன் குழம்பு கொண்டுவருவார். உம்மு ஹானி சோற்றைத் தின்றாள், குழம்பில் கிடந்த புளிச் சக்கையை மட்டும் ஒதுக்கிவைத்தாள். யாருக்கும் அது தெரியவில்லை. சமைத்தவருக்கே புளி கரைக்கத் தெரியாததால் சக்கை நிறையக் கிடைத்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ருமானாவுக்கு வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்தது. சேர்த்துவைத்த புளியை எடுத்து, எட்டிய மட்டும் சொம்பைத் தேய்த்தாள். களிம்பு விட்டு முகம் வந்தது. அசையாதவளும் அசையாப் பொருளில் சேர்த்திதான் என்று முடிவுசெய்து தூரிகையை நனைத்தாள்.

வேறொருவரின் பழுதான இஞ்சினைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு வரிசையில் முதல் ஆளாக நின்ற சாலமன் பார்த்துவிட்டார். “யோசிச்சுக்கோம்மா. என் இஞ்சினு இன்னும் நின்னுச்சா பாரு. எழுந்தேன்னா அப்புறம் உக்காரவே மாட்டே.”

“கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து அந்த ஊட்ல நான் எப்பண்ணே உக்காந்தேன்?” என்றாள் அவள், மூக்குக்கு நிழல் போட்டபடி.

எழுந்தாள். மழையில் மீஞ்சூர் வரை நடந்தே போனாள். பஸ்ஸில் ஏறினால் உள்ளேயும் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் ஏறவில்லை. பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். நாற்பது கழிந்ததும் ருமானா பிள்ளையோடு தாய்வீடு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை தூளி கட்டவில்லை. சமையலைக் காஜா மைதீன் பார்த்துக்கொள்கிறார், புளி கரைக்கவும் கற்றுக்கொண்டார். அஸர் தொழுகை முடிந்ததும் டீ கிளாஸோடு வாசலில் நிற்பார். உம்மு ஹானி தோளில் தூங்கும் பேத்தியோடு கடந்து போகும்போது வாங்கிக்கொள்வாள். கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பும்போது காலிக் கிளாஸைக் கொடுப்பாள்.