சின்னக்கோழி நெல்லும் மூடாத கூடையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குக் காலைச் சோறு சாப்பிடப் போனேன், மாட்டிக்கொண்டேன்.

புவாகேவ் வீட்டுச் சுவரில் புதிதாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. 'மாவட்டத்தின் சிறந்த பாரம்பரிய விதைக் காவலர் குடும்பம்.' அதற்கு நேர் கீழே விதைநெல் வைக்கும் கூடை. காலி.

"விதை எங்கேம்மா?"

"நடுவருங்க சாப்பிட்டுட்டாங்க அக்கா."

கதை இத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் வாரப் பத்திரிகைக்கு மூன்று பக்கம் வேண்டுமாம். ஆகவே எல்லோரும் கொஞ்சம் கஷ்டப்படுவோம்.

2

முதல் தொடக்கம்: "சியெங்குவாங் மலைகளின் மேல் பனி மெல்ல விலக..."

(விலகட்டும். பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன். அந்த நேரத்தில் இந்த ஊரில் யாரும் பனியைப் பார்ப்பதில்லை. சோறு வேகிறதா என்று பார்ப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "நெற்களஞ்சியத்தைத் தாங்கி நின்றவை பழைய வெடிகுண்டு ஓடுகள், போரின் மௌன சாட்சிகளாக அவை..."

(ஆசிரியர் உருகிப்போவார். புவாகேவ் அந்த ஓடு ஒன்றில் வெங்காயத்தாள் வளர்க்கிறாள். அவளுக்கும் சரி, வெங்காயத்தாளுக்கும் சரி, அது மௌனமாக இருப்பதில் ஆட்சேபம் இல்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: "சொம்லித் ஒரு முட்டாள்."

இது சரியாக உட்காருகிறது.

3

சொம்லித் ஒரு முட்டாள். புவாகேவின் கணவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையும் ஒரு கத்தியுமாக அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, வயல் அவளுடையது, விதையும் அவளுடையது. தன் பெயர் எழுதிய ஒரு பொருளாவது அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இதுவரை அவன் பெயர் இருந்தது மோட்டார் சைக்கிள் காகிதத்தில் மட்டும்தான்.

விதைக் காவலர் போட்டிக்கு ஆறு நடுவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த நாளில், புவாகேவ் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு நெல்லில் வேறு ரகம் கலந்துகிடந்தது. சுத்தமான கைநொய், அதாவது சின்னக்கோழி நெல், இருந்தது ஒரே ஒரு கூடையில். அறுவடைக்கு முன் வயலுக்குள் நடந்து, கதிர் கதிராகப் பார்த்து, அவள் கையால் பறித்துக் காயவைத்த கூடை.

அதை அவன் ஆலைக்கு எடுத்துப் போனான். அரைத்தான். ஊறவைத்து ஆவியில் வேகவைத்தான். ஆறு பேரும் கையில் பிசைந்து உருட்டி, துவையலில் தொட்டுச் சாப்பிட்டு, "ஆறினாலும் பூ மாதிரி இருக்கே!" என்றார்கள். மிச்ச அரிசியைப் பொட்டலம் கட்டிக் கையிலும் கொடுத்தான். பரிசு கிடைக்காமல் என்ன செய்யும்?

* அடிக்குறிப்பு போல ஒன்று: வேறு வீட்டில் விதை வாங்கினால் என்ன என்று நகரத்து வாசகர் கேட்பார். புவாகேவின் வயலுக்கு ஊற்றுத் தண்ணீர் வருகிறது. காலை வைத்தால் எலும்பு கடுக்கும் குளிர். அதில் பிழைத்த கதிர்களிலிருந்தே திரும்பத் திரும்பப் பொறுக்கியது அவள் விதை. மூன்று வருஷத்துக்கு முன் கடை விதையை ஒரு மூலையில் போட்டுப் பார்த்தாள். வைக்கோல்கூடத் தேறவில்லை. நாற்றங்கால் போட இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

4

இந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டு முடித்ததும் மூங்கில் சோற்றுக்கூடையை மூடுவார்கள். கடைசியாக எழுபவர் மூட வேண்டும். மூடாமல் விட்டால் புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிடுவார்கள். மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது.

தங்கை வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் புவாகேவ் கூடையை மூடுவதில்லை. சொம்லித் மூடுவான். அவள் அடுப்படியிலிருந்து வந்து, மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

"ஈ மொய்க்குது, புவா."

"மொய்க்கட்டும். அன்னிக்கு ஆறு மொய்ச்சப்போ விரட்டினியா?"

நேற்று அவனுடைய பழைய பை, வீட்டுக்குள் ஏறும் ஏணியின் கம்பத்தில் தொங்கியது. துவைத்து, மடித்து, கத்தியும் உள்ளே வைத்து.

(பெண்டாட்டி பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போகும் காட்சிகள் என் கையில் ஒரு டஜன் தயாராக உண்டு. புருஷன் பையோடு அம்மா வீட்டுக்குப் போவதற்கு ஒன்றுகூட இல்லை. தொழில் கோளாறு.)

5

இப்போது தொங்வன். இந்தப் பாத்திரம் மேல் எனக்குச் சந்தேகம்; ரொம்ப வசதியாக வந்து நிற்கிறாள். ஆனால் நிஜமாகவே இருக்கிறாள், நான் என்ன செய்ய?

தொங்வனின் வயல் மலைச்சரிவில் புவாகேவின் வயலுக்கு அடுத்த படி. அதே ஊற்று, அதே குளிர். இரண்டு வருஷத்துக்கு முன் அறுவடைக்கு உதவ வந்தவள் பத்துப் பன்னிரண்டு கதிரைத் தலைத்துணிக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். புவாகேவ் ஊர் நடுவில் நின்று "திருடி" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. அந்தப் பன்னிரண்டு கதிர் இன்று தொங்வன் களஞ்சியத்தில் மூட்டையாக இருக்கிறது.

சொம்லித் போய்க் கேட்டான்.

"அவளே வரட்டும்" என்றாள் தொங்வன். "நான் திருடி இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கூடை நிறைய அளந்து தர்றேன்."

செய்தி வீட்டுக்கு வந்தது.

"திருடினவளைத் திருடலேன்னு நான் சொல்லணுமா? அந்த விதையும் வேணாம், நீயும் வேணாம்."

இந்த இடத்தில் சொம்லித்துக்கும் தொங்வனுக்கும் பழைய காதல் இருந்ததாக வைத்தால் மூன்று வாரம் ஓட்டலாம். தொங்வனிடமே அனுமதி கேட்டேன்.

"அந்த மூஞ்சியையா?" என்றாள். "கதைக்குக்கூட வேணாம் அக்கா."

6

கைவசம் உள்ள முடிவுகள்.

அந்த ஆறு பேரும் மனம் வருந்தித் திரும்பி வருகிறார்கள்... (சாப்பிட்டதற்கு வருந்திய அதிகாரியை வாசகர் நம்ப மாட்டார்.)

சொம்லித் சான்றிதழை உடைத்துக் கதறுகிறான்... (உடைக்க மாட்டான். தினமும் துடைக்கிறான்.)

"மறுநாள் காலை கூடையில் விதை நிறைந்திருந்தது." நான்தானே எழுதுகிறேன், ஒரு வரியில் நிரப்பிவிடலாம். எழுதி, புவாகேவிடம் படித்தும் காட்டினேன்.

"நல்லா இருக்கு. அந்தக் காகிதத்தை எங்க வயல் தண்ணியில போடுங்க. முளைச்சா சொல்லி அனுப்புங்க."

அடித்துவிட்டேன்.

7

இன்று காலை. பாயில் நாங்கள் மூவர். நடுவில் சோற்றுக்கூடை. உள்ளே சந்தையில் வாங்கிய அரிசிச் சோறு. ஏணியில் காலடிச் சத்தம். தொங்வன்.

"விதை கொடுக்க வரலை" என்றாள் ஏறும்போதே. "சான்றிதழ் பார்க்க வந்தேன்."

யாரும் வா என்று சொல்லவில்லை. அவளே சுவரருகே போய், எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள். "விதைக் காவலர்." குனிந்து காலிக் கூடையைப் பார்த்தாள். "நல்ல காவல்."

சொம்லித் துவையல் கிண்ணத்தைக் கூர்ந்து பார்த்தான்.

பாயில் உட்கார்ந்தாள். ஒரு பிடி எடுத்து உருட்டினாள். வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது என்ன, சைக்கிள் டயரா?"

புவாகேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள் தொங்வன். "எல்லாரும் இருக்காங்க. நான் திருடி இல்லேன்னு சொல்லு."

புவாகேவ் கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீ திருடிதான் அக்கா" என்றாள் கடைசியில். "நீ திருடலேன்னா, இன்னிக்கு அந்த விதை ஆறு பேரு வயித்தோட போயிருக்கும்."

தொங்வன் வாயிலிருந்ததை விழுங்கினாள். இது மன்னிப்பா, மறுபடியும் திட்டா? இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா என்றும் சொல்லியிருக்கிறாள். எழுந்தாள். ஏணியில் இறங்கும்போது, தொங்கிய பையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

புவாகேவும் எழுந்தாள். காலி விதைக்கூடையைச் சுவரோரத்திலிருந்து எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். வாசல் வரை போய் நின்றுகொண்டிருக்கிறாள். சொம்லித் கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டான்.

அவள் இறங்குவாளா என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் தண்ணியில் போடச் சொல்வாள்.

எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. எழுந்துவிட்டேன். நீங்கள்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆக, பாயில் மிச்சம் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். சோற்றுக்கூடை திறந்துகிடக்கிறது. மூடி உங்கள் வலதுகைப் பக்கம்.