மாற்றிப் போட்ட காயில்

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, விட்டு விட்டு உதறுகிறது என்று என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எப்போது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா, மேடு ஏறும்போதா, மழைக்கு மறுநாளா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "எப்பவுமேதாண்ணே" என்பார்கள். அது பொய். எந்தக் கோளாறுக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு காரணம் உண்டு. இதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் என் வீட்டுக் கோளாறைப் பற்றி என் மனைவி இதே கேள்வியைக் கேட்டபோது, நானும் "எப்பவுமேதான்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டேன்.

வீட்டுக் கோளாறு என்றால் என் மாமனார். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, பிழையிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் பட்டறைக்கு வந்து போர்டைப் பார்த்தார். "பளுது பார்க்கப்படும்" என்று எழுதியிருந்தது. "மாப்பிள்ளை, பழுதுங்கிற வார்த்தையிலேயே பழுது இருக்கு" என்றார். பக்கத்து டீக்கடையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இரண்டு வருஷமாகப் போர்டை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

அது போகட்டும் என்றால், நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே வந்தது. குழாய் சொட்டுகிறது, கதவு கிறீச்சிடுகிறது, விளக்கு கண்ணைக் குத்துகிறது, சாப்பாட்டில் உப்பு தூக்கல். நான் படிப்பதற்கு முன்னால் பேப்பரில் அங்கங்கே வெட்டி எடுத்துவிடுவார். நான் பிரித்தால் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. போன மாதம் அதற்காக ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், வயதானவர்கள் தங்கும் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு படிவம் வாங்கி வந்தேன். ஒண்ணாம் தேதி அங்கே ஓர் அறை காலியாகிறது. மகளின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என் மனைவி படிவத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.

மாமியார் எங்கே என்று கேட்பீர்கள். அவர் இருப்பது என் மச்சான் வீட்டில், நகரத்தின் மறு கோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. இவருக்குப் போனில் காது சரியாகக் கேட்காது, "ஆங், ஆங்" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் இருந்த வாடகை வீட்டை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். மச்சான் தரையைப் பார்த்தான், அவன் மனைவி சுவரைப் பார்த்தாள். நான்தான் வாயைத் திறந்தேன். "ஆளுக்கு ஒருத்தரா வச்சுப்போம். ரெண்டு வீட்லயும் இடம் குறைச்சல். இப்படிச் செஞ்சா பாரமும் சமமாயிடும்." மச்சான் முகம் தெளிந்தது. "அத்தான் சொன்னா சரியா இருக்கும்" என்றான். நாலு பேர் மெச்சினால் எனக்குத் தலைகால் புரியாது. மாமனாரும் மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

படிவம் வந்து ஒரு வாரம் இருக்கும். டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். டீயைக்கூட நின்றுகொண்டே பாதிதான் குடிப்பார். மேட்டில் ஏறும்போது வண்டி உதறுகிறது என்றார். ஸ்கேனரைச் சொருகினேன். மூன்றாவது சிலிண்டரில் பற்றவில்லை என்று காட்டியது.

"அப்போ புதுக் காயில் போட்டுடுங்கண்ணே, அவசரமாப் போகணும்."

"அதான் தப்பு" என்று ஆரம்பித்தேன். ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். "பேட்டரியில இருக்கிறது பன்னெண்டு வோல்ட்டு. அதைப் பல ஆயிரமா ஏத்தி பிளக்குக்கு அனுப்புறதுதான் காயில் வேலை. பிளக் நுனியில பொறி பறந்தாத்தான் பெட்ரோல் பத்தும். நாலு சிலிண்டருக்கு நாலு காயில். மூணுல பத்தலைன்னு மெஷின் சொல்லுது, ஏன்னு சொல்லலை. காயிலும் இருக்கலாம், பிளக்கும் இருக்கலாம், வயரும் இருக்கலாம். சும்மா கழட்டி வச்சா ஒண்ணும் தெரியாது. மூணுல இருக்கிற காயிலை ஒண்ணுல போடணும், ஒண்ணுல இருக்கிறதை மூணுல போடணும். அப்புறம் ஓட்டணும். கோளாறு கூடவே ஒண்ணுக்குப் போச்சுன்னா காயில்தான் திருடன். மூணுலயே நின்னுச்சுன்னா, பாவம், காயில் மேல பழி போடக்கூடாது."

நான் சொல்லி முடித்துப் பார்த்தால் பின்னால் என் மனைவி நிற்கிறாள், கையில் சாப்பாட்டு டப்பா. அடுத்த தெருவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. மதியம் இங்கே வந்து சேர்ந்து சாப்பிடுவாள்.

"அப்பாவை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

"என்னது?"

"தம்பி வீட்டுக்கு அப்பா போகட்டும். சும்மா கழட்டி வச்சாத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கேருந்து அம்மா இங்க வரட்டும். பத்து நாள். கோளாறு அப்பா கூடவே போச்சுன்னா நான் கையெழுத்துப் போடுறேன். இங்கேயே நின்னுச்சுன்னா..." என்று நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவசரம் முதல்முறையாக அவசரமில்லாமல் நின்று சிரித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு காயிலையும் மாற்றிப் போட்டு, பத்து நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மச்சான் வந்து ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போனான். நான் வெளியே வேலையாக இருந்தேன்.

முதல் மூன்று நாள் வீடு சொர்க்கம். பேப்பர் முழுசாகக் கிடைத்தது. என் மாமியார் சிரித்த முகத்துக்குப் பேர் போனவர். ஜெயித்த கட்சிக்காரன்போல நான் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். நாலாம் நாள் தொடங்கியது. கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினார். மகள் எப்போது வருவாள் என்று மணிக்கு ஒரு தரம் கேட்டார். "பேப்பர்ல என்ன போட்டிருக்கு மாப்பிள்ளை?" என்பார். "ஒண்ணுமில்லை அத்தை" என்பேன். ஏழாம் நாள், நடக்க வழி வேண்டுமே என்று அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அதற்கு அழுதார். "நான் எங்க இருந்தாலும் இடைஞ்சல்தான்" என்றார்.

அன்று மாலை மச்சான் போன் செய்தான். "அத்தான், இங்க அப்பா குடுக்கிற குறை தாங்கலை. கதவு சத்தம் போடுதாம், பையன் பாடப் புத்தகத்துல பிழையாம். எப்ப மாத்துறீங்க?"

கோளாறு அவரோடு போகவும் போயிற்று, இங்கே நிற்கவும் நின்றது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காயிலை நான் பார்த்ததில்லை. யோசித்து, இரண்டு பேருமே கெட்டுப்போன காயில்தான் என்று முடிவு கட்டினேன். இன்னொரு படிவமும் வாங்கி வந்தேன். அந்த இல்லத்தில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம்.

மனைவி அதையும் வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். "எங்க கூடத்துல ரெண்டு சாம்பிளும் கெட்டு வந்துச்சுன்னா, ரத்தத்தைக் குறை சொல்ல மாட்டோம். எடுத்தது யாருன்னு கேப்போம்" என்றாள். நான் காதில் விழாததுபோல டிவியைப் போட்டேன்.

பத்தாம் நாள் காலையில் அவசரம் வந்துவிட்டார். அதே உதறல், அதே மூன்றாவது சிலிண்டர். ஆக, காயில் நிரபராதி. பிளக்கை மாற்றிப் போட்டு மேட்டில் ஓட்டினேன், அதுவும் நிரபராதி. காயிலில் வயர் மாட்டுகிற கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் வைத்தேன். கரண்ட் வந்தது, எர்த் இருந்தது. மறுபடி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, வயர்க் கற்றையை விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் தொட்டதும் இன்ஜின் விக்கியது.

அங்கே வயரை ஓர் இரும்புப் பட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் அந்த முனையில் மடங்கி மடங்கி, உள்ளே கம்பி இழை இழையாக அறுந்திருந்தது. கட்டியிருந்தது நீல நிற பிளாஸ்டிக் பட்டி, டை என்போம். இந்த வட்டாரத்தில் நீல டை போடுகிறவன் ஒருத்தன்தான். போன மழைக்காலத்தில் இந்த வண்டிக்கு வேறு வேலை பார்த்தபோது, ஆடாமல் இருக்கட்டும் என்று அழகாகக் கட்டினேன். கட்டிவிட்டுத் தட்டிக்கொடுத்தது வரைக்கும் நினைவு வந்தது.

"எவன்ணே இப்படி நெருக்கிக் கட்டினது? அவன் கையை ஒடிக்கணும்" என்றார் அவசரம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு மறைக்கிறதாவது? "நான்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் இரண்டு டீ வாங்கி வந்தார், முழுசாகக் குடித்தார்.

அறுந்த இடத்தை வெட்டிப் புது வயர் சேர்த்து, தளர்வாக விட்டு அனுப்பியபோது மணி மூன்று. மச்சான் மாமனாரை அழைத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டான். என் மனைவி மாமியாரோடு வந்தாள். சொன்னபடி அன்றைக்குக் கையெழுத்து நாள். படிவம் இரண்டும் அவள் பையில் இருந்தன.

பட்டறைச் சுவரோரம், ஏதோ பழைய வண்டியிலிருந்து கழற்றிய பின்சீட் ஒன்று கிடக்கிறது. இரண்டு பேரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். மாமியார் துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார். மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கவர் பிதுங்கப் பிதுங்கப் பேப்பர் துண்டுகள். நான் கை துடைப்பதுபோல அருகில் நின்றேன்.

"இதைக் கேளு. வீடு வாடகைக்கு. குளியல் அரை தனியாக உண்டு."

"சின்ன 'ர'வா?"

"சின்ன 'ர'."

"மீதி அரைக்கு எங்க போறதாம்?" என்றார் மாமியார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமனார் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவ்வளவும் எப்ப வெட்டினீங்க?"

"நீ இல்லாதப்ப."

என் பேப்பரில் விழுந்த ஓட்டை ஒவ்வொன்றும் அந்தக் கவருக்குள் இருந்தது. ஒரு துண்டுக்காகத்தான் அந்த மனுஷனை இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறேன்.

மச்சான் ஹாரன் அடித்தான். "அம்மா, நேரமாச்சு, வா."

மாமியார் உடனே எழுந்துவிட்டார், பழகிவிட்ட ஆள்போல. மாமனார் எழுந்து நேராக என்னிடம் வந்தார். இரண்டு வருஷத்தில் இது வேண்டும் என்று என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, அவன் வண்டியில ஏதாவது கோளாறு இருக்கான்னு பாருங்களேன். சின்னதா ஏதாவது. ஒரு பத்து நிமிஷம் ஆகிற மாதிரி."

நான் மச்சானை இறங்கச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். அந்த வண்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான், அதில் ஒரு குறையும் கிடையாது. நாலு காயிலின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்றேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது, பற்றவே இல்லை.

"என்ன அத்தான், வரும்போது நல்லா ஓடுச்சே?"

"நல்லாத்தான் ஓடும். பிரிச்சு விட்டது நான்" என்றேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கும் நான்தான் பிரிச்சேன். இடம் இல்லைன்னு சொன்னேன். எங்க முன் அறையில பழைய பேட்டரியும் பம்பரும் அடுக்கி வச்சுக்கிட்டு, இடம் இல்லைன்னேன். நாளைக்கு அதெல்லாம் இங்க வந்துடும். மாமாவும் அத்தையும் அந்த அறையில இருக்கட்டும். நீ வாரா வாரம் வந்து பாரு, வரலைன்னா நான் திட்டுவேன்."

மச்சான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான், பிறகு தலையாட்டினான். என் மனைவி படிவங்களை வெளியே எடுக்காமலே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாமியார் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம். அவர் விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், எத்தனை துணி எடுத்து வைக்கலாம் என்று கேட்பதுபோல.

"நாள் கணக்கெல்லாம் இல்லை அத்தை. இனிமே அதான் உங்க வீடு" என்றேன்.

அவர் மாமனாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நகரவில்லை. நான் இன்னொரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.