ஏழு மணிக்கு முன்னால் செல்லாது

ரோவினா கிளெக்கின் டிக்கெட் காலையில் ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது. சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரைக்கும் செல்லாது. விலை பாதியாக இருப்பது அதனால்தான். செவ்வாயும் வியாழனும் அவளுக்கு லண்டனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையை விட்டு ஐந்து மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டாலும், ஹெல்ஸ்விக் போகும் ரயில்கள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் குந்தியிருக்க வேண்டும்.

அப்படிக் குந்தியிருப்பவள் அவள் மட்டுமல்ல. பிளாட்பாரக் கதவுகளுக்கு எதிரே இருக்கும் அந்த நீள பெஞ்சு ஏழு மணிக்காரர்களுடையது. ஓரத்தில் குறுக்கெழுத்துப் போடும் ஒரு வழுக்கைத் தலையர். அவருக்கு இந்தப் பக்கம் பச்சை நூலில் எதையோ பின்னிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்மணி. அடுத்தது ரோவினா. மூன்று வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது. வந்தால் லேசாகத் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஜனங்கள். வீடு தீப்பிடித்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குவார்கள்.

விதியை மீறிவிடலாம் என்று ரோவினாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஒரு தடவை பட்டுவிட்டாள். ஆறு ஐம்பத்திரண்டு ரயில் தாமதமாகி ஏழு ஆறுக்குக் கிளம்பியது. ஏழு தாண்டிவிட்டதே என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். பரிசோதகர் வந்து, வண்டி எப்போது கிளம்பினால் என்ன, அட்டவணையில் எழுதியிருக்கும் நேரம்தான் கணக்கு என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லி அபராதம் போட்டார். காசு போனது பெரிதில்லை. அத்தனை பேர் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

ஜனவரி மாதம், வியாழக்கிழமை. மணி ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் ஃபோன் அடித்தது. ஹெல்ஸ்விக் ஆஸ்பத்திரி. அவள் கணவர் மெர்வின் நுரையீரல் கோளாறோடு அங்கே படுத்துப் பத்து நாளாகிறது.

"மிஸஸ் கிளெக்? நான் நர்ஸ் ஃபொலாக்கே பேசறேன். அவருக்கு மூச்சு ரொம்ப மோசமாயிடுச்சு. நீங்க உடனே கிளம்பி வந்துடுங்க. உடனேன்னா உடனே."

ரோவினா எழுந்தாள். ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஒரு ரயில் இருந்தது. டிக்கெட் கவுன்டரில் மீதிப் பணத்தைக் கட்டினால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் கவுன்டர் வரிசை வாசல் வரை வளைந்து நின்றது. வரிசையை வெட்டி முன்னால் போய், என் புருஷன் சாகக் கிடக்கிறார், வழி விடுங்கள் என்று கேட்பதா? அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நேரே பிளாட்பாரக் கேட்டில் டிக்கெட்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும், மணி கத்தும், எல்லாரும் பார்ப்பார்கள்.

"அவசரப்படாத கண்ணு. அந்த வண்டிக்கு இந்த டிக்கெட் செல்லாது."

பெஞ்சில் அவளுக்கு மறுபக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பழுப்புக் கோட்டு, நன்றாகச் சவரம் செய்த முகம், மடியில் ஒரு டிக்கெட். முன்பின் தெரியாத ஒருவர் தானாகப் பேசுவதே அந்த பெஞ்சில் நடக்காத சங்கதி. ஆனால் குரல் அத்தனை இதமாக இருந்ததால் அவள் நின்றுவிட்டாள்.

"நான்... மீதியைக் கட்டிட்டுப் போலாம்னு..."

"அந்த வரிசை நகர்றதுக்குள்ள வண்டி போயிடும். அடுத்தது ஆறு பன்னண்டு. அதுவும் செல்லாது. ஆறு இருபத்தெட்டும் செல்லாது. ஆறு அம்பத்திரண்டு இன்னிக்கும் லேட்டாத்தான் போகும், அதுல ஏறி ஏமாந்துடாத. ஒரு தடவை பட்டது போதாதா? ஏழு மணி வண்டி உன்னோடது. கொஞ்ச நேரந்தானே. உக்காரு."

அவர் அவள் கைமேல் கை வைத்தார். அந்தக் கைக்குக் கனமே இல்லை. ஆனால் அவளால் கையை எடுக்க முடியவில்லை. உட்கார்ந்தாள்.

கொட்டும் பனிக்காலம். நிலையத்தில் நடமாடும் அத்தனை பேர் வாயிலிருந்தும் புகை வந்தது. அவர் விதிகளை ஒவ்வொன்றாக, பிள்ளையைத் தூங்க வைப்பவர்போல, சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து மட்டும் புகை வரவில்லை. எந்த நாளில் எது செல்லும், எந்த ஊரில் இறங்கினால் எது செல்லாது, விடுமுறை நாளில் எப்படி. எல்லாம் நியாயமாகவே பட்டது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மெர்வின் அவள் நினைப்பில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டார்.

"ஏம்மா. ஏய், உன்னைத்தான். அவனுக்கு பதில் சொல்லாத!"

ரோவினா திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னல்காரி. ஊசியைக் கீழே போட்டுவிட்டு, முகமெல்லாம் சிவந்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"மணியைப் பாரு."

ரோவினா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தொன்று. இரண்டு நிமிஷம் பேசியிருப்போம் என்றுதான் அவள் நினைத்தாள். ஃபோனில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன.

"என் பேரு டிலிஸ்," என்றாள் பின்னல்காரி. மூச்சு வாங்கியது அவளுக்கு. "பதினோரு வருஷத்துக்கு முன்னால என் தங்கச்சி இப்படித்தான் ஆஸ்பத்திரியில கிடந்தா. இதே பெஞ்சு. இதே ஆள், இதே கோட்டு. செல்லாது, உக்காரு, உக்காருன்னான். நானும் உக்காந்தேன். அவ ஆறே முக்காலுக்குப் போயிட்டா. எனக்கு இப்ப எந்த ரயிலும் புடிக்க வேண்டியதில்லை. இவன் யார் பக்கத்துல உக்காறான்னு பாக்கத்தான் வர்றேன்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரம்..."

"முக்கால் மணி நேரமா வாயைத் தொறக்குறேன், தொறக்குறேன், வெக்கம் புடுங்கித் தின்னுது! தெரியாதவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு. நாசமாப் போற வெக்கம். ஆறு இருபத்தெட்டு நிக்குது, எந்திரி. கேட்ல இருக்கறவர்கிட்ட வாயைத் தொறந்து சொல்லு. ஓடு!"

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க," என்றார் பழுப்புக் கோட்டுக்காரர், கொஞ்சமும் கோபப்படாமல். "எல்லாரும் பாக்கறாங்க பாரு, கண்ணு."

உண்மைதான், எல்லாரும் பார்த்தார்கள். குறுக்கெழுத்துக்காரர்கூடப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தார். ரோவினா கையைப் பிடுங்கினாள். தோலோடு எதுவோ உரிந்து வந்ததுபோல் வலித்தது. ஓடினாள்.

கேட்டில் தலைப்பாகை கட்டிய ஒரு அலுவலர் நின்றிருந்தார். அவள் நின்று, மூச்சை இழுத்து, ஆயுசில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். ஊரே கேட்கக் கத்தினாள்.

"என் டிக்கெட் செல்லாது! என் புருஷன் செத்துட்டிருக்கார்! என்னை உள்ள விடுங்க!"

அந்த மனிதர் டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. "போங்கம்மா, போங்க. முதல் பெட்டியில ஏறிக்குங்க," என்று கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவு சுலபம் அது. இதற்கா முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

செல்லாது கண்ணு, செல்லாது, என்று குரல் பின்னாலேயே வந்தது. அவள் ஓட ஓட அது தேயவில்லை. பெட்டியில் ஏறி, கதவு மூடிய பிறகும் காதோரத்தில் அதே அளவாகக் கேட்டது. ரயில் நகர்ந்து, நிலையத்தின் கூரையைத் தாண்டிய இடத்தில்தான் அது அறுந்தது.

ஹெல்ஸ்விக்கில் இறங்கியபோது ஏழு ஆறு. ஆஸ்பத்திரி ரயிலடிக்கு எதிரேதான். மூன்றாம் மாடி வராந்தாவில் நர்ஸ் ஃபொலாக்கே அவளைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா! இருக்கார், இருக்கார். நீங்க ஏழு மணி வண்டிக்குத்தான் வருவீங்கன்னாங்களே?"

"யார் சொன்னது?"

"உங்களுக்கு ஃபோன் பண்ணி வெச்சேன், வெச்ச கையோட ஒரு ஆம்பளை கூப்பிட்டார். நல்லா இதமான குரல். ரோவினா ஏழு மணி வண்டிக்குத்தான் வருவா, அதுவரைக்கும் மெர்வின் காத்திருக்க வேணாம், நிம்மதியாக் கண்ணை மூடலாம்னு சொல்லிடுங்கன்னார். சொந்தக்காரர் போலன்னு நானும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

ரோவினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவர் என்ன சொன்னார்?"

"மாஸ்க்கைப் பிடுங்கிட்டு என்னைத் திட்டினார், போங்க. 'என் பொண்டாட்டி முன்பின் தெரியாதவன்கிட்ட மணி கேக்கவே கூச்சப்படுவா, என் பேரையா சொல்லியிருப்பா? எவனோ புளுகறான். அவ வருவா, நான் இருப்பேன்'னார். அப்புறம் பேசவே இல்லை. மூச்சை எண்ணி எண்ணி விட்டுட்டிருக்கார்."

அவள் உள்ளே ஓடினாள். மெர்வின் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது.

"ரோ... முழு டிக்கெட்டா எடுத்த?"

"இல்ல. கத்தினேன். ஸ்டேஷனே திரும்பிப் பாத்துச்சு."

"நீயா?" அவர் கண் சிரித்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்தக் கைக்கு நல்ல கனம் இருந்தது. பயமாக இருக்கிறது என்றாள். உன்னை விட்டால் எனக்கு யார் என்றாள். முப்பது வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழு முப்பத்தொன்றுக்கு அவர் மூச்சு நின்றது. ஏழு மணி ரயில் அப்போது ஹெல்ஸ்விக்குக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி வந்துகொண்டிருந்தது.