பின்சீட்டுக்குக் கீழே வந்த புகை

நோயாளியைப் பார்க்காமல் போனிலேயே மருந்து சொல்லும் டாக்டர்களை மெக்கானிக் கண்டபடி திட்டுவான். ஆனால் தங்கையின் மாமியார் போன் செய்து, "தம்பி, உன் தங்கச்சி ஓட்டுற கார்ல இன்ஜின் விளக்கு எரியுதே, ஏன்?" என்று கேட்டபோது அவனும் அதையேதான் செய்தான்.

"பெட்ரோல் மூடிய சரியா திருகியிருக்க மாட்டா அத்தை. டேங்க்ல இருந்து ஆவி கசிஞ்சா அந்த விளக்கு எரியும்."

பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் அந்த வீட்டில் அது தீர்ப்பாகிவிட்டது. "ஒரு மூடிய மூடத் துப்பில்ல, வேலைக்குப் போறாளாம் வேலைக்கு!" தங்கை வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம் அவன் கம்ப்யூட்டரை மாட்டி விளக்கை அணைப்பான். வண்டி நன்றாக ஆறிக் கிடந்து, டேங்கும் பாதியளவு இருந்தால்தான் கசிவு இருக்கிறதா என்று தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும். அதனால் சில நாள் எல்லாம் சரியானது போல இருந்துவிட்டு விளக்கு மறுபடி எரியும். திட்டு மட்டும் தங்கைக்கு. கடைசியில் மாமியார், "இந்தத் தடவையும் இவ தப்புதான்னா சாவி என்கிட்ட வந்துடணும்" என்று சொல்லி, மருமகளோடு ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள்.

மாமியாரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, அவன் கசிவைக் கண்டுபிடிக்கும் புகை மிஷினின் குழாயை டேங்க் பைப்பில் சேர்த்துப் புகையை உள்ளே விட்டான். மூடிப் பக்கம் ஒன்றுமில்லை. பின்சீட்டைத் தூக்கினான். டேங்குக்குள் இறங்கும் பெட்ரோல் பம்பின் தலையைச் சுற்றி வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அந்தப் பம்பை மாற்றியவன் அவனேதான். பம்பை மாற்றினால் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். நம்ம வீட்டு வண்டிதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய வளையத்தையே போட்டு அமுக்கியிருந்தான். ஊரார் வண்டியென்றால் இப்படிச் செய்திருக்க மாட்டான். சொந்தக்காரன் வேலையென்றால் அப்படித்தான். வளையம் ஓரிடத்தில் மடிந்து வெட்டுப்பட்டிருந்தது.

நிமிர்ந்தால், பக்கத்தில் தங்கை.

"இது மூடி இல்லையே அண்ணே?"

"இல்ல."

வெட்கத்தில் காது சுட்டது. அவசர அவசரமாகப் புது வளையத்தைப் போட்டு, பழையதைக் குப்பைக் கூடையில் எறிந்து, சீட்டை இறக்கினான்.

மாமியார் உள்ளே வந்தாள். "என்ன தம்பி, மூடிதானே?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"ஆமாம் அத்தை. நான்தான் சரியா மூடல."

சொல்லிவிட்டுச் சாவியை மாமியாரிடம் நீட்டினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு கணம் அவனுக்கு நிம்மதி வந்தது. அப்படி நிம்மதி வந்ததுதான் அவனை ரொம்பவும் கூசவைத்தது.

"அத்தை, அவ மேல தப்பே இல்ல. பம்ப்ல நான் பழைய ரப்பரைப் போட்டேன். அங்கதான் கசிஞ்சுது."

"எங்க, காட்டு பார்ப்போம்."

மிஷினை மறுபடி போட்டான். இந்தத் தடவை வேலை சுத்தம். எங்கேயும் புகை வரவில்லை. கூடையில் கைவிட்டு வெட்டுப்பட்ட வளையத்தை எடுத்துக் காட்டினான்.

"அது மாதிரி கூடை நிறையக் கிடக்கே தம்பி" என்ற மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் பக்கம் திரும்பினாள். "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க! உன்னைக் காப்பாத்த அவன் தொழிலையே அவன் குறைச்சுப் பேசுறான் பாரு. இப்படி ஒரு அண்ணன் இருந்தும் உனக்குப் பொறுப்பு வரலையேடி."

"சத்தியமா அத்தை..."

"விடுண்ணே" என்றாள் தங்கை.

மாமியாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "நீயே வந்து விட்டுட்டுப் போப்பா" என்று சாவியை அவன் கையில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தங்கை பின்னால் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு எப்படிம்மா போவே?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"பஸ் இருக்குண்ணே. நடுவுல மாறணும், அவ்வளவுதான்."