இரண்டாவது கார்டு

குருமூர்த்தியின் மக்காச்சோள மண்டி பெரம்பலூரில், கிளை அரியலூரில். இரண்டு ஊர் எடையும் பில்லும் பெரம்பலூர் சர்வரை நம்பித்தான் ஓடின. அமைத்துக் கொடுத்தவள் வெற்றிச்செல்வி. சர்வீஸ் கடை திறந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய இடம். இங்கே பேர் எடுத்தால் மற்ற மண்டிகள் தானாக வரும். கெட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். மண்டிக்காரர்கள் சோளத்தை விட வேகமாகப் பேச்சைக் கைமாற்றுவார்கள்.

சர்வரை மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்க அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். இரண்டும் சுமையைப் பங்குபோட்டு வேகமாக ஓடும். ஒன்று படுத்தால் மற்றது தனியாக இழுக்கும்.

ஐப்பசியில் ஒன்று படுத்தது. மண்டியில் யாருக்கும் தெரியவில்லை. வழக்கமான சோதனைக்கு வந்தவள்தான் அந்தக் கார்டின் விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு கார்டு போயிடுச்சு. போன வாரமே போயிருக்கும். அறுவடைக்கு முன்னாடி மாத்திடலாங்க."

குருமூர்த்தி கணக்குப்பிள்ளை ராஜராஜனைப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒரு பில்லாவது நின்னுச்சா?"

"இல்லீங்க முதலாளி."

"அப்ப அது இருந்து என்னத்தக் கிழிச்சிச்சு? ஒத்த மாட்டு வண்டிக்கு ரெண்டு மாட்ட வித்திருக்கியேம்மா! ஏவாரத்துல எங்களையே மிஞ்சிட்ட."

"நிக்காம இருந்துச்சே, அதுதாங்க அதோட வேல. இருக்கறதும் போனா மொத்தமும் நின்னுடும்."

"போறப்ப பாத்துக்கலாம். உசிரு போறதுக்கு முன்னாடியே பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்ற."

அன்றைக்கே கடைவீதி முழுக்க அந்த ரெண்டு மாட்டுக் கதை சிரிப்பாய்ச் சிரித்தது.

பொங்கல் கழிந்து சோளம் குவிந்த நேரத்தில் மிச்சமிருந்த கார்டும் போனது. எடைமேடையில் லாரி ஏறியது, பில் வரவில்லை. வரிசையில் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எதிர் மண்டிக்குத் திரும்பின. வெற்றிச்செல்வி கார்டோடு ஓடி வந்தாள். குருமூர்த்தி வாசலிலேயே மறித்தார்.

"நீ கட்டுனதுதானே அவுந்துச்சு? போம்மா. திருச்சியிலேர்ந்து ஆள் வருது."

"ஐயா, நான் அப்பவே சொன்னேன்ல? ராஜராஜன் அண்ணனும் கேட்டாரே!"

ராஜராஜன் எடைமேடைப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

மறுவாரம், முன்பு மண்டியில் விட்டுப்போன தன் சோதனைக் கருவியை வாங்கிப்போக அவள் வந்தபோது, எதிர் மண்டி தமிழரசனோடு குருமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"திருச்சி ஆளுன்னா ஆளுதான்யா. ரெண்டு கார்டு போட்டிருக்கான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இழுக்குமாம். இந்தப் பொண்ணுக்கு அது தோணல பாரு. என்னப்பா ராஜராஜா?"

ராஜராஜன் அவளைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"ஆமாங்க முதலாளி."

தமிழரசன் செல்போனை எடுத்தார். "அந்தத் திருச்சி நம்பரச் சொல்லுங்க."