மஸ்தூராவின் நீல மெத்தை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தேநீர் ஆறினால் ஆறட்டும். ஓரகத்தியின் மெத்தையைக் கிழித்தவளின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் புகாராவில் ஒரே முற்றத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் மஸ்தூராவும் சலோமத்தும். வியாழக்கிழமை மாலையில் தெருப் பெண்கள் அங்கே கூடுவார்கள். கண்ணை மூடி, நாக்கு அசையாமல், இறைவன் பெயரை நெஞ்சுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூத்தவள் மஸ்தூரா உட்கார்ந்தால், மூக்கில் ஈ ஊர்ந்தாலும் அசையமாட்டாள். இளையவள் சலோமத்துக்கோ முட்டி வலிக்கும். அடுப்பில் பலோவ் சோறு அடிபிடிக்கிறதோ என்று மூக்கு தேடும். ஒற்றைக் கண் தானாகத் திறந்து மஸ்தூராவின் முகத்தில் போய் நிற்கும்.

“பெரியவளைப் பாரு, குளத்துத் தண்ணி மாதிரி. சின்னவ கொதிக்கிற கெட்டில்,” என்பாள் மாமியார். எல்லோரும் சிரிப்பார்கள். சலோமத்தும் சிரிப்பாள், வயிறு எரிய எரிய.

மஸ்தூரா மாதிரியே முக்காடு போட்டாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள், விக்கல்தான் வந்தது. கடைசியில் மஸ்தூராவின் நீல மெத்தை மேல் கண் விழுந்தது. அதில் வேறு யாரையும் அவள் உட்கார விடுவதில்லை. உள்ளே தாயத்து வைத்துத் தைத்திருக்கிறாள், அதனால்தான் அவளுக்கு மட்டும் மனசு அடங்குகிறது என்று முடிவு கட்டினாள் சலோமத்.

மஸ்தூரா சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் தையலைப் பிரித்தாள். துழாவினாள். கட்டி கட்டியாய்ப் பழைய பஞ்சு, வேறொன்றும் இல்லை.

மஸ்தூரா திரும்புவதற்குள் பஞ்சை அடித்து மறுபடி திணிக்க வேண்டுமே. முசுக்கொட்டை மரத்தடியில் கொட்டி, இரண்டு மெல்லிய குச்சிகளால் அடிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வோர் அடியும் மஸ்தூராவின் முதுகில்தான் விழுந்தது. போகப் போகப் பஞ்சில் விழுந்தது. கைக்கு ஒரு தாளம் வந்தது, மூச்சு அதோடு சேர்ந்துகொண்டது, மூச்சில் இறைவன் பெயர் தானாக ஏறி உட்கார்ந்தது.

“காது அடைச்சுப் போச்சாடி? எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்.”

மரத்து நிழல் எங்கோ நகர்ந்து போயிருந்தது. இமையெல்லாம் பஞ்சோடு சலோமத் நிமிர்ந்தாள். சந்தைப் பையோடு மஸ்தூரா நின்றிருந்தாள்.

“உன் மெத்தையைக் கிழிச்சிட்டேன்க்கா. தாயத்து இருக்கும்னு நெனச்சேன்.”

“தாயத்தா? என் இடுப்பு வலிக்கு அது ஒண்ணுதான்டி ஒத்துக்குது.” மஸ்தூரா பையைக் கீழே வைத்தாள். “நான் கண்ணை மூடினா நாளைக்கு மாவு பத்துமான்னுதான் மனசு ஓடும். அசையாம உட்காரத் தெரியும், அவ்வளவுதான். உன் மூஞ்சி இப்ப இருந்த மாதிரி எனக்கு ஒரு நாளும் இருந்ததில்ல.”

அந்தக் குரலில் இருந்த எரிச்சலைச் சலோமத்துக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அவள் வயிற்றில் குடியிருந்தது அது.

“அந்தக் குச்சியக் குடு, நானும் அடிச்சுப் பாக்குறேன்.”

“மாட்டேன்க்கா. நீ மெத்தையக் குடுத்தியா?”

அடுத்த வியாழன் பெண்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, சலோமத் மரத்தடியில் வேறொரு மெத்தையின் பஞ்சை அடித்துக்கொண்டிருந்தாள். நீல மெத்தை மேல் உட்கார்ந்திருந்த மஸ்தூராவின் ஒற்றைக் கண் தானாகத் திறந்து மரத்தடிக்குப் போனது.

உங்கள் வீட்டு மெத்தைகள் கட்டி தட்டாமல் இருக்கட்டும் கண்ணுகளா. அடுப்பைத் தவிர வேறெதுவும் அங்கே எரியாமல் இருக்கட்டும்.